கடைசி ரெண்டு எழுத்து

அந்த மரத்தடில நிக்காத சார், இப்டி வா. இங்கயும் நெயல் கீது. மூல மனைதான பாக்க வந்த? நாந்தான் இந்த லேஅவுட்டுக்கு காவலு, பொன்னியம்மா. போன்ல பாத்துட்டு வந்தியா? எங்க காட்டு... ஆங், கன்னியம்மா நகர் டாட் ஐஓ.

எனக்குப் படிக்கத் தெரியாது சார். எம் பொண்ணு சௌமியா உத்திரமேரூர்ல கம்ப்யூட்டர் கடையில வேல செய்யுது, அது சொல்லிச்சி. வெப்சைட்டு பேரு கடைசில போட நாட்டுக்கு நாடு ரெண்டு எய்த்து குடுத்து கீறாங்களாம், வெலாசம் மாதிரி. நம்ப இந்தியாவுக்கு ஐஎன். இந்த ஐஓ எங்கியோ கடலு நடுவுல கீற தீவுதாம்.

அது நம்ப பெருநகர் ரோட்டு மனைக்கு எப்டி வந்துச்சின்னு நானும் கேட்டேன். கம்ப்யூட்டர் உள்ள போறது, வெளிய வர்றது, அதுக்கும் இங்கிலீசுல இதே எய்த்துதானாம். கம்பெனிக்காரங்க பாத்தாங்க, சின்னதா ஷோக்கா கீதேன்னு ஆளாளுக்கு வாங்கி மாட்டிக்கினாங்க. இப்ப மனை விக்கிறவன் வரிக்கும் வந்துடிச்சி.

அந்தத் தீவு ஜனமா? அங்க ஏது சார் ஜனம்? எய்த்து வர்றதுக்கு மின்னாடியே வெள்ளக்காரன் கப்பல்ல ஏத்தி தொரத்திட்டானாம், மிலிட்டரிக்கு எடம் வோணும்னு. வளத்த நாயெல்லாம் கொன்னுட்டானாம், பாவி. எய்த்து மட்டும் ஒலகமெல்லாம் சுத்துது. அத கேட்ட அன்னிக்கி எனக்கு சோறு எறங்கல சார்.

அதுல எனக்கு இன்னாவா? கன்னியம்மா எங்க சாமி சார். நாங்க இருளருங்க. இங்கதான் எங்க குடிசைங்க இருந்துச்சி. பட்டா இல்லன்னு ஜேசிபி வெச்சி தள்ளிட்டு, ஏரிக்கு அந்தாண்ட போங்கன்னுட்டாங்க. சாமிய நாங்க தூக்கினு போய்ட்டோம். பேரு நல்லா கீதுன்னு அத மட்டும் ஆர்ச்சுல எய்திக்கினாங்க, போன்லயும் போட்டுக்கினாங்க.

வயிறு எரியுது சார், பொய் சொல்ல மாட்டேன். ஆனா உம்மேல இல்ல. உனக்கு வூடு வோணும், கட்டிக்க.

இன்னாது, செப்டிக் டேங்க்கா? இந்த வேப்பமரத்தாண்டயா? வாணாம் சார். அந்தாண்ட தோண்டிக்க, மண்ணும் எளக்கமா கீது. மரத்த வெட்டிடாத.

வேருக்கு சொல்லல சார். எம் புள்ள பிரவீன் இங்கதான் கீறான். சின்னப் புள்ளயிலயே ஜொரத்துல பூட்டான், தலமாட்டுல நாங்க நட்ட கன்னு இது. அவன தனியா உட்டுட்டுப் போவ மனசு வராமதான் இந்தக் காவல் வேலைக்கே வந்தேன். அதான் சார், வந்ததும் உன்ன தள்ளி நிக்க சொன்னேன்.