ரெஜினாவைக் கேட்டு அனுப்பு

எங்கள் காப்பகத்தில் நல்ல காற்றோட்டம் உண்டு, மேடம். ஜன்னலைத் திறந்தால் சுரங்கத் தூசி வரும், அவ்வளவுதான். மந்தாரக்குப்பத்தில் அந்த வாடகைக்கு வேறு வீடு கிடைக்காது.

புருஷனிடம் அடிபட்டு வந்தவர்கள், வேலை என்று நம்பிப் போய் விற்கப்பட்டு மீண்டவர்கள், எல்லோரும் அங்கே தங்கினார்கள். வெளியூர் அமைப்பு ஒன்று நிதி தந்தது. நான் தெருத்தெருவாகப் போய்ப் பேசினேன். நாளடைவில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. பெண்ணை வெளியூர் வேலைக்கு அனுப்புமுன், "ரெஜினாவைக் கேட்டு அனுப்பு" என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வந்து கேட்பார்கள். நான் தலையசைத்தால்தான் துணிமணி எடுத்துவைப்பார்கள். தரகர்கள் வரத்து குறைந்தது. கட்டில்கள் காலியாயின.

2016இல், நிதி தருகிறவர்கள் நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். காலிக் கட்டில்களைப் பார்த்தால் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். காப்பகத்தை மூடினால் தரகர்கள் திரும்பி வருவார்கள். நிதானமாகத்தான் யோசித்தேன்.

அந்த வாரம் சாமியம்மாள் வந்தாள். சுரங்க ஊழியர் குவார்ட்டர்ஸில் கான்ட்ராக்ட்டில் தெருக் கூட்டுகிறவள். கூடவே மகள் அபி.

"எவனோ மாடசாமியாம், யக்கா. மெட்ராஸ்ல கம்பெனி வேலைங்கறான். இவளும் போறேன் போறேன்னு நச்சரிச்சிகினே இருக்கா. நீங்க சொன்னா அனுப்புறேன்."

முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்த விரல்களை அபி நீட்டிக் காட்டினாள். "அங்க போனாலாவது இது வெளுக்குதான்னு பாக்கலாம், யக்கா."

மாடசாமி எப்படிப்பட்ட தரகன் என்று எனக்குத் தெரியும்.

"நல்ல இடம்தான். அனுப்பு" என்றேன்.

அவன் வழக்கமாகப் பண்ருட்டி வழியாகத்தான் கூட்டிப்போவான். அங்கே பஸ் நிலையத்தில் போலீஸாரோடு காத்திருந்தேன். அவனைப் பிடித்துக்கொடுத்துவிட்டு அவளைக் காப்பகத்துக்கு அழைத்து வருவதாக எண்ணம். பலாப்பழ லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. இருட்டும்வரை நின்றோம். அவன் அன்று விருத்தாசலம் போய் ரயிலேறியிருந்தான்.

என்னையும் ஏமாற்றிவிட்டான் என்று சாமியம்மாளிடம் சொன்னேன். நம்பினாள். நிதி தருகிறவர்கள் வந்தபோது அவர்கள் முன்னால் அவள்தான் பேசினாள். "யக்காவையே ஏமாத்திட்டான் பாருங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர்களும் கண் துடைத்தார்கள். நிதி தொடர்ந்தது. பிறகு எத்தனையோ பெண்கள் வந்து தங்கிப் பிழைத்தார்கள்.

அபி இன்னும் கிடைக்கவில்லை. அவளுக்கென்று ஒரு கட்டில் ஒதுக்கியிருக்கிறேன். அதன் விரிப்பை நானே துவைக்கிறேன்.

விற்றதாக மட்டும் வாக்குமூலத்தில் எழுதாதீர்கள், மேடம். மீட்பதற்காகத்தான் அனுப்பினேன்.