வண்டி திரும்புவதற்கான இடம்

அமுல்தார் அவர்களே, நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தண்டவாளம் காலில் இடறும். இரண்டு வீட்டையும் வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் கோலாரில் உங்கள் தாலுகா கச்சேரிக்கு வந்து செய்த புகார் சுவரைப் பற்றியது மட்டுமே என்று அறிகிறேன். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரை அனுமதியின்றி உடைத்தது நான்தான். அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஏன் உடைத்தேன் என்று கேட்டீர்கள். அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். வேலூர்ப் பக்கத்திலும் இங்கேயுமாக வெகுகாலம் மிஷன் பள்ளிக்கூடங்களில் வாத்தியாராக இருந்தவன் நான். சுருக்கிச் சொல்லிப் பழக்கமில்லை.

பௌரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு ரயில் விட்ட வருஷத்தில் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். ஊரே வண்டி பார்க்க ஓடியது, நானும் போனேன். பார்த்ததிலிருந்து எனக்கு வேறு நினைவில்லை. சீமைக்குத் திரும்பிய ஒரு தங்கச் சுரங்கத் துரையின் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது, ஜெர்மனியில் செய்த தகர எஞ்சின் ஒன்றை வாங்கினேன். சாவி முறுக்கினால் ஓடும். பிறகு இன்னொன்று, பிறகு பெட்டிகள். தண்டவாளத்தை நாங்களே செய்தோம். பிஸ்கோத்துத் தகரத்தை மடித்துத் தண்டவாளமாக்கினோம்; சுரங்கத்துக்கு மெழுகுவத்தி வரும் பெட்டிகளின் பலகையை அறுத்துக் குறுக்குக்கட்டைகள் வைத்தோம்.

நாங்கள் என்றால் நானும் பக்கத்து வீட்டு ஏசுபாதமும். அவன் சுரங்கப் பட்டறையில் யந்திரங்களைப் பொருத்தும் பிட்டர். என்னிடம் எழுத்துப் படித்தவன். ஷிப்ட் முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு நேரே இங்கே வந்து தரையில் உட்கார்ந்துவிடுவான். அவன் மனைவி ஐடா வாசலில் வந்து நிற்பாள்.

"இன்னா வாத்தியாரய்யா, உங்க ரயிலு இன்னிக்கும் சுவத்துலதான் முட்டிக்கினு நிக்குதா?"

"நிக்குதும்மா. திரும்ப இடமில்லையே."

"எங்க ஊட்டு ஆளையாவது திருப்பி அனுப்புங்க. களி ஆறிப்போவுது. அவருக்கும் யாராவது சாவி குடுத்தாத்தான் நகருவாரு போல."

அவள் சிரிப்பு சுவருக்கு அப்பாலும் கேட்கும். தனியாக இருப்பவனுக்கு அது பெரிய துணை. அவளை நான் என் மகளைப்போல நேசித்தேன் என்பதை நீங்கள் நம்ப வேண்டும்.

என் குறை ஒன்றுதான். வண்டி அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடும்; சுவரில் இடித்து நிற்கும். நான் குனிந்து, தூக்கி, திருப்பி வைக்க வேண்டும். மனிதக் கை படாமல் போய், தானே வளைந்து, தானே திரும்பி வரும் வண்டியைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு அகலமான வளைவு வேண்டும். சில வருஷம் இப்படிப் போனபின் ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன்.

"ஐடா, உங்க பின்னறை சும்மாத்தானே கிடக்குது. சுவத்துக்கு அடியிலே ரெண்டு பொந்து போட்டா, வண்டி அந்தப் பக்கம் வந்து திரும்பிப் போயிடும்."

"அது ஆவாதுங்க. அந்த ரூமுக்கு வேற ஆளு வருது" என்று சொல்லி, முந்தானையை வயிற்றின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். ஏசுபாதம் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். நான் இருவரையும் ஆசீர்வதித்தேன். மனதாரத்தான் ஆசீர்வதித்தேன்.

அந்த வருஷக் கடைசியில் இங்கும் பிளேக் வந்தது. விதிகள் உங்களுக்குத் தெரியும். நோய் கண்டவரையும் வீட்டாரையும் ஊருக்கு வெளியே கொட்டகைக்குக் கொண்டுபோவார்கள். வீட்டின் ஓடுகளைப் பிரித்து, உள்ளே வெயில் விட்டு, சுண்ணாம்பு அடிப்பார்கள். அந்த விதிகளையும் நோயின் குறிகளையும் ஜனங்களுக்கு விளக்கிச் சொல்லும் பொறுப்பை என்னிடமே கொடுத்திருந்தார்கள். ஆகவே, ஐடாவுக்கு வந்தது ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கும் முறைக்காய்ச்சல் என்பது எனக்குத் தெரியும். கொயினா மாத்திரையை நானே கொடுத்திருந்தேன். குணமும் கண்டிருந்தது.

பிளேக் இன்ஸ்பெக்டர் என் வாசலில்தான் நின்றார். பக்கத்து வீட்டில் காய்ச்சலாமே, கட்டி ஏதாவது உண்டா என்று கேட்டார். பெண்பிள்ளையைத் தொட்டுப் பார்த்து ஊர் வாயில் விழ அவருக்கு விருப்பமில்லை. என் சொல் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"அக்குளில் இருப்பதாகக் கேள்வி" என்றேன்.

ஐடாவையும் ஏசுபாதத்தையும் கொட்டகை வண்டியில் ஏற்றியபோது அவள் அழவில்லை. "வாத்தியாரய்யா, ஊட்டைப் பாத்துக்குங்க. கோழிங்களுக்கு ரெண்டு கேவுரு போடுங்க" என்றாள். நாள் தவறாமல் போட்டேன்.

மூன்று வாரம், மிஞ்சினால் ஒரு மாதம் என்று கணக்கிட்டேன். அதற்குள் வளைவு முடிந்துவிடும். திரும்பி வந்து பார்த்தால் அவளே சிரித்துவிடுவாள். பிறக்கும் குழந்தைக்கு அதைவிட நல்ல விளையாட்டுப் பொருள் எது என்று நினைத்தேன். ஓடு பிரித்திருந்ததால் உளி வேலைக்கு வெளிச்சம் நன்றாக இருந்தது.

கொட்டகையில் அவளுக்குப் பக்கத்துப் பாயில் கிடந்தவளுக்கு இருந்தது உண்மையான பிளேக். பத்து நாளில் ஐடா போனாள். தனியாகப் போகவில்லை.

பள்ளிக்கூடத்தில் நான் ஒரு கதை சொல்லுவதுண்டு. ஒரு நண்டுக்குத் தன் வளை போதவில்லை. பக்கத்து வளையில் இருந்த தவளையிடம், வெள்ளம் வருகிறது, ஓடிவிடு என்றது. தவளை கரையேறியது, அங்கே நின்ற கொக்கு அதை விழுங்கியது. தவளையைக் கொன்றது யார் என்று பிள்ளைகளைக் கேட்பேன். கொக்கு என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்லுவார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைகூட நண்டு என்று சொன்னதில்லை. சரி, உட்காருங்கள் என்று நானும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

ஏசுபாதம் மட்டும் திரும்பி வந்தான். தன் வீட்டின் பின்னறையில் நின்று, தரையில் வளைந்து கிடந்த தண்டவாளத்தைப் பார்த்தான். 

"அவளுக்குக் கட்டியே கெடையாது வாத்தியாரய்யா. நான் பார்த்தேனே. எவனோ இருக்குதுன்னு சொல்லிக்கீறான்" என்றான்.

நான் எஞ்சினுக்குச் சாவி கொடுத்தேன். வண்டி சுவருக்குள் நுழைந்து, அவன் காலடியில் வளைந்து, இரண்டாவது பொந்தின் வாயில் ஒரு துள்ளுத் துள்ளிக்கொண்டு என் அறைக்குத் திரும்பியது.

"இங்க இடிக்குது பாருங்க" என்று அவன் குந்தி உட்கார்ந்தான். தொட்டிலுக்கென்று அவன் உத்தரத்தில் அடித்திருந்த இரும்பு வளையத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து, வளைந்திருந்த தகரத்தைக் கட்டைவிரலால் நிமிர்த்திவிட்டான். விரல் கிழிந்தது. அதை வேட்டியில் துடைத்துக்கொண்டான். மறுநாள் மாரிக்குப்பத்தில் வண்டியேறிப் போய்விட்டான். எந்த ஊருக்கு என்று சொல்லவில்லை. அவன் நிமிர்த்திய இடத்தில் இப்போது வண்டி துள்ளுவதே இல்லை.

என் கட்டிலையும் அலமாரியையும் வெளியே எடுத்துப் போட்டிருந்தால் இந்த அறையிலேயே வளைவுக்கு இடம் கிடைத்திருக்குமே என்று நீங்கள் பார்ப்பது தெரிகிறது. கிடைத்திருக்கும். அளந்து பார்த்தேன். ஆனால் அது மார்கழி மாதம். வெளியே படுத்தால் பனி எனக்கு ஆகாது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கட்டி இல்லை என்று தெரிந்தேதான் இருக்கிறது என்றேன். அந்த அறைக்காகவே சொன்னேன். சுவரை உடைத்தது அதற்குப் பிறகு.

ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. பொந்துகளை அடைக்கச் சொல்லி உத்தரவு போடாதீர்கள். ஏசுபாதம் என்றாவது திரும்பி வருவான். அப்போது வண்டி ஓடாமல் நின்றிருந்தால் என்னிடம் படித்த அந்தப் பிள்ளையின் மனம் நொந்துபோகும்.