சாரத்து முடிச்சு

கடுக்காய்ப் பானையை நான் உடைத்தது தற்செயல். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு இந்த வீட்டில் உடைந்தது எதுவும் தற்செயல் இல்லை.

1934-ல் சிங்காநல்லூரில் வீடு கட்ட ஆரம்பித்தேன். சுண்ணாம்பில் சேர்ப்பதற்குக் கடுக்காயும் வெல்லமும் பத்து நாள் ஊறவேண்டும். ஒன்பதாம் நாள், மேற்பார்வை பார்ப்பதாக நினைத்துக்கொண்டு பின்னோக்கி நடந்து போய் அந்தப் பானைமேல் உட்கார்ந்தேன். பானை தாங்கவில்லை. எழுந்தபோது வேட்டியில் ஈ மொய்த்தது. ஆட்கள் எல்லாரும் ஆளுக்கொரு செங்கல்லை உற்றுப் பார்த்தார்கள். ஞானமுத்து மேஸ்திரி மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பண்ணாடி, கடுக்காத் தண்ணி சொவத்துக்குங்க. வேட்டிக்கு வேண்டியதில்லீங்க" என்றார்.

எனக்கு வேடிக்கையாகப் பேச வரும் என்று ஊரில் பெயர். தொண்டாமுத்தூரில் நூறு ஏக்கர் வைத்திருக்கும் பண்ணாடி பேசினால் எதுவும் வேடிக்கைதான். வாயைத் திறப்பதற்கு முன்பே சிரித்துவிடுவார்கள். என் மனைவி சாந்தாமணி ஒருத்திதான் நன்றாயிருந்தால் சிரிப்பாள், இல்லாவிட்டால் "போதுங்க" என்பாள். அவள் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு என்னைப் பார்த்து ஒரு மனிதர் நிஜமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

புதுப் பானை ஊறும்வரை வேலை நின்றது. ஆட்கள் வரவில்லை. மேஸ்திரி மட்டும் தினமும் வந்து பானையைக் கிளறிவிட்டு, என்னோடு காப்பி குடித்து, ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவார். ஒரு பானைக்குப் பத்து நாள் என்பது என் மனசில் பதிந்துவிட்டது.

ஆகவே படிக்கட்டைக் கிழக்கிலிருந்து மேற்குக்கு மாற்றச் சொன்னேன். மாற்றினார். மறுபடி கிழக்கே நன்றாக இருக்கும் என்றேன். சரியாகக் கட்டிய ஒரு சுவரைக் கோணல் என்று சொல்லி இடிக்க வைத்தேன். தொண்டாமுத்தூர்த் தோட்டத்தில் யானை புகுந்துவிட்டது என்று ஒரு மாதம் வேலையை நிறுத்தினேன். யானை வந்தது உண்மை. அதற்கும் வீட்டுக்கும் சம்பந்தம் இல்லை. மேஸ்திரி எதற்கும் முடியாது என்று சொன்னதில்லை. முடியும் என்றும் சொன்னதில்லை. எதைக் கேட்டாலும் "பாக்கலாமுங்க" என்பார். எங்கள் பக்கத்து மரியாதை அது.

சாவியைக் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். சாரத்துக்குக் கயிறு கட்டுவதை அவர் வேறு யாரிடமும் விட்டதில்லை. எல்லா முடிச்சும் அவர் போட்டதுதான். தினமும், சாப்பாட்டு வேளை முடிந்த பிறகும், முதலில் தான் ஏறிக் காலால் தட்டிப் பார்ப்பார்; அப்புறம்தான் ஆட்கள் ஏறலாம். இந்த நல்ல பழக்கம் பின்னால் எனக்கு உபயோகப்பட்டது.

அவருக்கென்று ஓர் ஆசை இருந்தது. அரை மைல் தள்ளி இருந்த அவர்களுடைய மாதா கோயிலுக்கு ஒரு மணிக்கூண்டு கட்டவேண்டும். அதன் படத்தை வரைந்து சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். துவைக்கும்போது அவர் மனைவி அற்புதம் அதைப் பத்திரமாக எடுத்து வைப்பாளாம். எனக்காக இரண்டு வருஷம் அதைத் தள்ளிப் போட்டார். மூன்றாம் வருஷம், இனியும் தாமதித்தால் திருச்சியிலிருந்து வேறு மேஸ்திரியை வரவழைப்பேன் என்று கோயில் சாமியார் சொல்லிவிட்டார்.

"ஊட்டு வேலை சனிக்கெழமையோட முடியுதுங்க. திங்கக்கெழமெ கோயிலுக்குப் போயிப்போடுவேனுங்க" என்றார் மேஸ்திரி. கையைக் கட்டிக்கொண்டு, ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி சொன்னார். எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் புளியமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சாரத்தில் ஒரு முடிச்சை அவிழ்த்தேன். நல்ல முடிச்சு. என் நகம் ஒன்று பெயர்ந்தது. அதைப் பற்றி நான் யாரிடமும் குறைப்பட்டதில்லை.

பத்தடி உயரம்தான். சுளுக்கினால் ஒரு மாதம், எலும்பு முறிந்தால் மூன்று மாதம் என்று எதிர்பார்த்தேன். பலகைமேல் வைத்திருந்த கருங்கல்லும் கூடவே விழும் என்று தோன்றவில்லை. கட்டட வேலையில் எனக்கு அனுபவம் போதாது.

ஆஸ்பத்திரியில் மேஸ்திரியின் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். கயிறு இற்றுப்போய் அறுந்தது என்று நான் சொன்னேன். ஞானமுத்து கட்டிய சாரமே சரிந்ததாம், இனி அவரை நம்பி யார் ஏறுவது என்று ஊர் பேசியது. நான் மறுக்கவில்லை. ஊரை எதிர்த்துப் பேசுவது என் சுபாவம் இல்லை.

இருவரையும் இந்த வீட்டுக்கே அழைத்து வந்து கீழ் அறையைக் கொடுத்தேன். அற்புதம் என் காலில் விழ வந்தாள். தடுத்துவிட்டேன், அந்த அளவுக்கு மனச்சாட்சி எனக்கு உண்டு. மணிக்கூண்டு எழும்புவது மேஸ்திரி கண்ணில் படட்டும் என்று அவர் அறையில் அந்தப் பக்கமாக ஒரு ஜன்னலும் வைத்துக் கொடுத்தேன். தினமும் காலையில் காப்பியோடு போய் உட்காருவேன். என் வேடிக்கைக்கு அவர் சிரிப்பதில்லை என்பது ஒன்றுதான் குறை. உடம்பு தேறட்டும் என்று காத்திருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மணிக்கூண்டில் முதல் மணி அடித்தது. நான் அவர் பக்கத்தில் இருந்தேன். அடித்து ஓயும்வரை அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கயிறு அறுந்துபோகலீங்க பண்ணாடி" என்றார். "அவுந்துதுங்க. நான் போட்ட முடிச்சு தானா அவுறாதுங்க. என்னையத் தூக்க வந்தப்ப உங்க வெரல்ல ரத்தம் பாத்தேனுங்க."

எனக்குப் பயம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், சந்தோஷம்தான் வந்தது. இரண்டு வருஷம் தெரிந்து வைத்துக்கொண்டு போலீசுக்குப் போகவில்லை, கட்டின மனைவியிடம்கூடச் சொல்லவில்லை, தினமும் என்னோடு காப்பி குடித்திருக்கிறார். சாந்தாமணிக்குப் பிறகு என்னிடம் அப்படி இருந்தவர் யார்?

"தெரிஞ்சுமா எங்கூடவே இருந்தீங்க மேஸ்திரி?" என்று கேட்டேன். "எம்மேல அத்தனை பிரியமுங்களா?"

பாக்கலாமுங்க என்பார் என்று காத்திருந்தேன்.

"பிரியமில்லீங்க" என்றார். "போறதுக்கு நீங்க எடம் வெக்கலீங்க."