மேயர் வீட்டு ரோஜா

தேநீரில் எனக்குச் சர்க்கரை வேண்டாம், இன்ஸ்பெக்டர். எங்கள் வீட்டில் சர்க்கரையை விட்டு வெகுகாலமாகிறது. என் தம்பி மகள் இயாமிடேக்கு ஒன்பது வயதில் சர்க்கரை நோய் கண்டது. குழந்தை வாயில் படாதது நமக்கு எதற்கு என்று டப்பாவைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். அவள் அப்பன், என் தம்பி மேயர் மட்டும் தன் மேசை இழுப்பறையில் மிட்டாய் ஒளித்து வைத்திருப்பான். ஊருக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டம் என்பது அவனுக்குச் சின்ன வயதிலேயே வந்த பழக்கம்.

ஹொரேஷியோ ஃபால்க்னரை உங்களுக்குத் தங்கச் சங்கிலியும் சிவப்பு அங்கியுமாகத்தான் தெரியும். எனக்கு மூக்கொழுகிய ஹொரேஷியோவைத் தெரியும். அப்பா கடலோடு போன பிறகு சந்தையில் துணி விற்று அவனை லண்டனுக்குக் கப்பலேற்றியவள் நான். வக்கீலாகத் திரும்பி வந்தான். துறைமுகத்தில் எல்லோர் முன்பும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். அந்த அழுகை பொய்யில்லை. நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

என்னையும் ஒருகாலத்தில் பெண் கேட்டு வந்தார்கள். நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை. ஜோசப் வாண்டி, ரயில்வே பட்டறையில் மேஸ்திரி, உள்நாட்டில் கெனெமாப் பக்கத்து மெண்டே இனத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். என் கடையில் சட்டைத் துணி எடுக்க வருவார். எத்தனை சட்டைதான் தைப்பார் பாவம்.

நீங்கள் வடக்கத்திக்காரர், துறைமுகத்து மக்களான எங்கள் கிரியோ இனத்து நிச்சயதார்த்தத்தைப் பார்த்திருப்பீர்களோ என்னவோ. பெண்ணை மாடியறையில் மறைத்து வைப்போம். மாப்பிள்ளை வீட்டார் கோலாக் கொட்டை, ஊசி, நூல், பைபிள், மோதிரம் எல்லாம் வைத்த சுரைக்குடுவையோடு வந்து கதவைத் தட்டுவார்கள். "உங்க தோட்டத்துல ஒரு ரோஜா பூத்திருக்காமே, அதப் பறிச்சிட்டுப் போலாம்னு வந்தோம்" என்பார்கள். நாங்கள் உடனே காட்டிவிடமாட்டோம். பல்லில்லாத கிழவியைக் கொண்டுவந்து நிறுத்தி, "இதுவா பாருங்க" என்போம். "நல்ல பூதான், ஆனா நாங்க தேடி வந்தது இது இல்லீங்க" என்பார்கள். ஒரே சிரிப்பாக இருக்கும். கடைசியில்தான் பெண் இறங்கி வருவாள்.

நான் வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு மாடியில் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை சிரிப்புக் கேட்டது. மூன்றாம் தடவை ஹொரேஷியோவின் குரல்.

"இந்தத் தோட்டத்துல ரோஜா ஏதும் இல்ல. வீடு மாறி வந்துட்டீங்க. உங்களுக்கேத்த செடி உங்க காட்டுப் பக்கமே கெடைக்கும், அங்க போய்த் தேடுங்க."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அந்த வருஷம் அவன் முதல்முறையாக நகரசபைக்கு நின்றான். உள்நாட்டுக்காரன் ஒருவன் அத்தானாக வந்தால் ஓட்டு விழாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சாப்பிட உட்காரும்போது, "உனக்காகத்தான் செஞ்சேன்க்கா, அவங்க வீட்டுல நீ எப்படிக் குப்பை கொட்டுவே" என்றான். நான் சோறு போட்டேன். வாண்டி மாற்றல் வாங்கிக்கொண்டு ஊருக்கே போய்விட்டார். பின்பு ஒருமுறை ரயிலடியில் பார்த்தேன். தோளில் குழந்தை. தொப்பியைக் கழற்றி வணங்கினார்.

ஹொரேஷியோ கல்யாணம் செய்துகொண்டான். மனைவி பிரசவத்தில் போய்விட்டாள். குழந்தை என் கைக்கு வந்தது. இன்சுலின் ஊசி போட நர்ஸிடம் கற்றுக்கொண்டேன். தினமும் காலையில் ஊசியைக் கொதிக்க வைத்து எடுத்து, மருந்தின் குளிர் போக உள்ளங்கையில் வைத்திருந்துதான் போடுவேன். "நீ போட்டா வலிக்கவே இல்ல அத்தை" என்பாள். அப்பனைவிட என்னிடம்தான் அவளுக்கு ஒட்டுதல்.

போன மாதம் மேயர் சபையிலிருந்து சீக்கிரமே வந்தான். இயாமிடேக்கு வரன் முடிவாகிவிட்டது என்றான். பையன் லான்சானா, கெனெமாப் பக்கத்துப் பெருந்தலைவர் ஒருவரின் பேரன். இருவருக்கும் ஏற்கெனவே பிரியமாம்.

"மெண்டேக்காரப் பையனா?" என்றேன்.

"காலம் மாறிப்போச்சுக்கா. இப்ப அவங்க கையிலதான் எல்லாம் இருக்கு. தேர்தல் வருதில்ல" என்றான். பிறகு என் தோளில் கை போட்டான். "ரோஜாவ நீதான் கீழ கூட்டிட்டு வரணும். அதுக்கு ஒன்னவிட்டா யாரு இருக்கா?"

அவன் முகத்தை உற்றுப் பார்த்தேன். அவனுக்கு நினைவே இல்லை. நினைவு வைத்துக்கொண்டு கேட்டிருந்தால் மன்னித்திருப்பேன் என்று நினைக்கிறேன். 

நிச்சயதார்த்த வாரத்தில் பெண்ணை மாடியில் வைத்தேன். வெளியாட்கள் யாரும் பார்க்கக்கூடாது என்பது வழக்கம். டாக்டரும் வெளியாள்தானே. இயாமிடே தாகம் என்றாள். கூஜா கூஜாவாகத் தண்ணீர் கொடுத்தேன். "கல்யாணப் பொண்ணுக்கு நாக்கு வறளத்தான் செய்யும்" என்று கீழே பெண்கள் கேலி பேசினார்கள். மேயர் மாடிப்படியில் நின்று, "புள்ள நல்லா இருக்கால்ல?" என்றான். "கவுன் எடுப்பா இருக்கணுமில்ல, கொஞ்சம் இளைச்சிருக்கா" என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டுச் சங்கிலியைச் சரிசெய்துகொண்டு கூட்டத்துக்குப் போனான். நாலு படி ஏறி வந்திருந்தால் போதும்.

இன்சுலின் புட்டியைப் பற்றித்தானே கேட்டீர்கள். அதிலிருந்தது கொதித்து ஆறிய தண்ணீர். நான்தான் மாற்றினேன்.

அன்று பிற்பகல் நகரசபையே எங்கள் வீட்டில் இருந்தது. பெருந்தலைவரின் ஆட்கள் குடுவையோடு வந்தார்கள். கிழவி போனாள், சிரித்தார்கள். சித்தி மகள் போனாள், சிரித்தார்கள். "அக்கா, ரோஜாவ கூட்டிட்டு வா" என்றான் மேயர். நான் மேலே போனேன். அறையில் அளவுக்குமீறிப் பழுத்த பழத்தின் வாசனை. குழந்தை பெரிது பெரிதாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். "வந்துட்டாங்களா அத்தை?" என்றாள். வந்துட்டாங்கம்மா என்றேன். தலை வாரிவிட்டேன். கவுனின் சுருக்கத்தை நீவிவிட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூச்சு அடங்கிய பிறகு படி முகப்புக்கு வந்தேன்.

"இந்தத் தோட்டத்துல ரோஜா ஏதும் இல்ல" என்றேன்.

வீடே சிரித்தது. எங்கள் வழக்கமே அதுதானே, யாருக்குச் சந்தேகம் வரும். மாப்பிள்ளைப் பையன் கூச்சத்தோடு தரையைப் பார்த்துச் சிரித்தான். "எங்களுக்கு அவசரமில்லீங்க, பூக்கிற வரைக்கும் காத்திருக்கோம்" என்றாள் அவர்கள் பக்கத்துப் பேச்சுக்காரி. ஜொலோஃப் சோறு பரிமாறினார்கள், பாட்டுப் பாடினார்கள். மறுபடி கேட்டார்கள், மறுபடி அதையே சொன்னேன். எல்லோரையும்விட மேயர்தான் அதிகம் சிரித்தான்.

மூன்றாம் முறை, "வீடு மாறி வந்துட்டீங்க" என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அப்போது என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு நினைவு வந்துவிட்டது. சிரிப்பு முகத்திலேயே நின்றுபோக, சங்கிலி மாடிப்படிக் கைப்பிடியில் இடிபட இடிபட, என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினான். நான் வழிவிட்டேன்.

அவனைத்தான் தண்டித்தேன். இயாமிடேக்கு நான் ஒரு கெடுதலும் செய்ததில்லை; அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அன்று காலைகூட ஊசியை உள்ளங்கையில் வைத்துக் குளிர் போக்கித்தான் போட்டேன். வலிக்கவே இல்ல அத்தை என்றாள்.