வாந்திக்கு முன் வணக்கம்

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகிற படகு ஆடத் தொடங்கியதும் என் பக்கத்திலிருந்த பெரியவருக்குக் குமட்டியது. எதிரே செயன்முறைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த இரண்டு தாதிய மாணவிகளில் ஒருத்தி பொலித்தீன் பையோடு எழும்பினாள்.

“ஐயா வணக்கம். நான் மூன்றாம் வருசத் தாதிய மாணவி. உங்கடை முழுப்பேரைச் சொல்லுங்கோ.”

“பிள்ளை, சத்தி வருது. பையைத் தா...”

“பேர் கேக்காமல் குடுத்தா மார்க் வெட்டுவினம், ஐயா.”

“கை கழுவினனியோ?” தோழி இருந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

“ஐயோ, மறந்திட்டன்!”

“அப்ப முதலிலையிருந்து தொடங்கு.”

“ஐயா வணக்கம். நான்...”

பெரியவர் அவளுடைய சட்டையிலேயே வாந்தியெடுத்துவிட்டார்.

தோழி கையிலிருந்த பாடத்தாளைப் பார்த்தாள்.

“ஐயாவின்ரை ஒத்துழைப்புக்கு நன்றி சொல்லடி. அதுக்கும் மார்க் இருக்கு.”