திறந்த பெட்டகத்துக்குக் கனம் எதற்கு

தலைமை நாற்காலிக்குப் பெருமை சேர்த்து வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, கடையின் ஷட்டரை இன்றும் தம் கையாலேயே தூக்கும் மூத்த வணிகப் பெருமக்களே, கல்லாவில் கணக்கையும் வீட்டில் எங்களையும் சரிபார்க்கும் தாய்மார்களே, பின்வரிசையில் நின்றபடி சாப்பாடு எப்போது என்று பார்க்கும் உண்மையான நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் ஓர் இரும்புப் பெட்டக வியாபாரியின் கனமான வணக்கம்.

என் மருமகளுக்கு இன்று இச்சங்கம் விருது தருகிறது. எனக்குப் பின்னால் திரையில் தெரிவது அவள் நிற்கும் எங்கள் கடைதான்; செயலாளர் தம் லேப்டாப்பிலிருந்து போட்டிருக்கிறார். மாமனார் மருமகளைப் புகழ்வதா என்று முன்வரிசையில் ஓர் அம்மா சிரிக்கிறார். சிரியுங்கள் அம்மா. பழைய இரும்பை எடைபோட்டு வாங்கித் தொழிலுக்கு வந்தவன் நான். சொந்தச் சரக்கு என்பதற்காக முள்ளைச் சாய்த்துப் பழக்கமில்லை.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டகங்கள் எல்லாம் வாய் பிளந்தே நிற்கும். மூடிய பெட்டகத்தை எவர் வாங்குவார்? கதவின் கனத்தைத் தடவி, தாழ்ப்பாளை ஓட்டி, உள்ளே கைவிட்டுப் பார்த்தால்தானே மனம் வரும்? திறந்த கதவைக் கண்டால் ஊரெல்லாம் பதறும். எங்கள் கடையில் மட்டும் ஒருவரும் பதறமாட்டோம். அந்தப் பழக்கம்தான் எங்களைப் பள்ளத்தில் தள்ளப் பார்த்தது.

விற்பதோடு முடிவதில்லை எங்கள் வேலை. வாங்கியவர் வீட்டுச் சுவரைக் குடைந்து, பெட்டகத்தைப் பதித்து, படமெடுத்து வைத்துக்கொள்வோம். எந்த வீடு, எந்த அறை, எந்த அலமாரிக்குப் பின்னால்; பழுது வந்தால் பார்க்க வேண்டுமே. அத்தனை படங்களும் ஒரே லேப்டாப்பில். பெட்டகங்கள் ஊரெங்கும், அவற்றின் இருப்பிடமோ ஒற்றைத் தோள்பையில்.

இதைக் கண்டு முதலில் கலங்கியவள் என் மருமகள். வந்த சூட்டோடு அதற்கு என்கிரிப்ஷன் போட்டாள். கடவுச்சொல் தராதவரை உள்ளே இருப்பதெல்லாம் வெறும் குழப்பம். அணைத்துவைத்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடட்டும், திருகைக் கழற்றி ஹார்டு டிஸ்கைத் தனியே உருவட்டும், திருடனுக்குத் தேறுவது தகரம்தான்.

என் தம்பிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. கடைத்தெருவில் அவனைப் பீரங்கி என்பார்கள், குரல் அப்படி. போகும் இடமெல்லாம் முழங்கினான்: "எங்க லேப்டாப்பை நடுரோட்டுல வெச்சுட்டுப் போனாலும் எவனும் ஒண்ணும் பண்ண முடியாது."

வைத்தே விட்டான். நடுரோட்டில் அல்ல, கட்டுமானப் பொருள் கண்காட்சியில்.

எங்கள் ஸ்டாலில் ஒருவருக்குப் படம் காட்டிக்கொண்டிருந்தான். பேரம் கனியும் நேரத்தில் திரை இருண்டால் அவனுக்கு எரிச்சல். ஆகவே அது தானாக இருளாதபடி முன்பே மாற்றிவைத்திருந்தான். வந்தவர் டீ குடிக்கலாமா என்றார். கிளம்பிவிட்டான். திறந்தது திறந்தபடி, எரிந்தது எரிந்தபடி.

வாசலில் இறங்கிய சரக்கைப் பார்த்துவிட்டு மருமகள் திரும்பினாள். நாற்காலியில் ஓர் அந்நியர். "சும்மா பாத்தேம்மா, படமெல்லாம் நல்லாருக்கு" என்றார். போனைச் சட்டைப் பையில் போட்டார். கூட்டத்தில் கரைந்தார்.

பின்னாலேயே பீரங்கி வந்தான்.

"என்னம்மா, முகம் வெளிறிக் கெடக்கு? பெட்டி இங்கதானே இருக்கு."

"பெட்டி இருக்கு சின்ன மாமா. உள்ள இருந்தது போயிருக்கலாம்."

"அதான் பூட்டு போட்டியே."

"போட்டேன். காலையில நீங்க திறந்தீங்க. திறந்த பிறகு யாரு வந்து உக்காந்தாலும் அவங்களுக்கும் அது திறந்ததுதான். நம்ம கடைப் பெட்டகத்தை நினைச்சுப் பாருங்க. கதவு எவ்வளவு கனமா இருந்தா என்ன, விரியத் திறந்து வெச்சுட்டு டீக்குப் போனா?"

பீரங்கி நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான்.

மருமகள் உட்கார்ந்து, கடைசியாகத் திறக்கப்பட்ட படங்களைப் பார்த்தாள். சில வீடுகளின் சுவர்கள், வரிசையாக. அவற்றில் ஒன்று, தனியாக வசிக்கும் மருந்துக்கடை அம்மாவின் படுக்கையறை.

கடைக்குத் திரும்பியதும் தம்பி சொன்னான், "ஒண்ணும் நடக்கலையே அண்ணா. பேசாம இருந்துடலாம்."

நான் அவளைக் கேட்டேன், "சொன்னா நம்ம பேரு போயிடுமேம்மா?"

"சொல்லாட்டி நம்ம பேரு தங்கும் மாமா. அவங்க பெட்டகத்துல இருக்கறது தங்குமா?"

போனை எடுத்தாள். மருந்துக்கடை அம்மாவிடம் மூடி மறைக்காமல் சொன்னாள்: பெட்டகம் இருக்கும் இடத்தை வெளியாள் பார்த்திருக்கலாம், தவறு எங்களுடையது, வேறு சுவருக்கு நாங்களே மாற்றித் தருகிறோம்.

"பூட்டு விக்கிறவங்களே திறந்து போட்டீங்களா? நல்லாருக்குடி உங்க வியாபாரம்."

"திட்டுங்கம்மா. திட்டி முடிச்சுட்டு எந்தச் சுவர்ல மாத்தணும்னு சொல்லுங்க."

"போன்ல சொல்லமாட்டேன். அதையும் எங்கயாவது திறந்து வெப்பீங்க. நேர்ல வா, காட்டறேன்."

போனாள். மாற்றினாள். படம் பார்க்கப்பட்ட மற்ற வீடுகளுக்கும் போய்ச் சொன்னாள்; ஒவ்வொரு வீட்டிலும் வசவு வாங்கினாள். ஒருவர் பெட்டகத்தையே திருப்பித் தந்தார். வந்த அந்நியர் திருடரா, பொழுதுபோகாதவரா? இன்றுவரை தெரியாது. எந்த வீட்டிலும் எதுவும் போகவில்லை. மூன்றாம் வரிசையில் தம்பி தலைகுனிகிறான், நிமிருடா. இப்போதெல்லாம் தும்மல் வந்தால்கூடத் திரையைப் பூட்டிவிட்டுத்தான் தும்முகிறான்.

நான் வியப்பது அவள் போட்ட பூட்டை அல்ல, பெரியோர்களே. சரக்கின் சிறப்பைச் சொல்லச் சந்தையில் ஆளுக்கா பஞ்சம்? தன் சரக்கு எதுவரை காக்கும், எங்கே கைவிடும் என்று வாங்கியவரின் வாசலில் நின்று சொன்னாளே, அந்த வாய்மையை வியக்கிறேன். தான் பூட்டிய பூட்டைத் தானே குறைசொன்னாளே, அந்தத் துணிவை வியக்கிறேன். வசவு விழும் என்று தெரிந்தே வாசல் ஏறினாளே, அந்த வணிகத்தை வணங்குகிறேன்.

ஏன் சலசலப்பு? திரையா? ஆமாம், என் மருமகள் படம் போய், செயலாளரின் லேப்டாப்பிலிருந்து நம் உறுப்பினர்களின் வீட்டு முகவரிகள் ஓடுகின்றன. செயலாளர் எங்கே?

"சாப்பாட்டுப் பக்கம் போயிட்டாருங்க."

பாருங்கள், முன்வரிசையில் இருந்து அவள் எழுந்துவிட்டாள். படியேறுகிறாள். திரை இருண்டது.

"பூட்டிட்டேன் மாமா. நீங்க பேசுங்க."

இனி நான் என்ன பேச? கேடயத்தை இப்போதே கொடுத்துவிடுங்கள் தலைவரே. அழைத்த சங்கத்துக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், என் குடும்பத்துக்கு வந்த இந்த மகளுக்கும் நன்றி. எழுந்து போகும்போது அவரவர் திரையைப் பூட்டிவிட்டுப் போங்கள். வணக்கம்.