கடைக்குப் பின்னிய பதிமூன்று சதுரம்

— கடைக்காரன் ஆர்டரே குடுக்கலையாம், வசீலா. நேரா அவன்கிட்டயே கேட்டுட்டுத்தான் வரேன்.

— உள்ள வாங்க நஸீஹாக்கா. வாசல்ல நின்னுக்கிட்டு என்ன பேச்சு. டீ வெச்சிருக்கேன், புதினா தூக்கலா போட்டு.

— உன் டீயை நீயே குடி. பதிமூணு சதுரம், நீலமும் மஞ்சளுமா, கடைப் பைக்குன்னு சொல்லித்தானே குரோஷா ஊசியில பின்ன வெச்ச? அந்தப் பை எங்க?

— என்னத்த சொல்ல... நம்ம மஹ்தியா ஊர்ல பாதிப் பொம்பளைங்க அவனுக்குத்தான் பின்னிக் குடுக்கிறாங்க. மறந்திருப்பான்.

— அவனா மறப்பான்? போன கோடையில ஒரு ஃப்ரெஞ்சுக்காரி பை நடுத்தெருவுல பிரிஞ்சு, சாவியும் பர்ஸும் சாக்கடையில கொட்டிச்சே, அந்தக் கதையை இன்னிக்கும் ஒருதரம் பாடிட்டுத்தான் விட்டான். அது ஸொஹைலா பின்னினது, என்னை ஏன்யா முறைக்கிறேன்னு கேட்டுட்டு வந்தேன்.

— ஸொஹைலா கை அப்படித்தான் அக்கா, அவசரக் கை. உங்க கை வருமா அவளுக்கு?

— ஐஸ் வைக்காத. என் மகளைக் கூப்பிடு.

— எம்னாவையா?

— எனக்கு வேற மக இருக்காளா? ராத்திரி வசீலா மாமி வீட்ல தங்கி, சதுரத்தையெல்லாம் இணைச்சுக் குடுத்துட்டு வரேம்மான்னு சொல்லிட்டுத்தானே வந்தா? போன் அடிச்சு அடிச்சு என் விரல்தான் தேஞ்சுது. எழுப்பு அவளை.

— அக்கா, முதல்ல உக்காருங்க.

— ஏன்டி உக்காரணும்? எந்த ரூம்ல படுத்திருக்கா? எம்னா! ஏய் எம்னா!

— கத்தாதீங்க அக்கா. அவ இல்ல.

— இல்லன்னா?

— கிளம்பிட்டா. விடியறதுக்கு முன்னாடி. என் தம்பி படகுல.

— மீன் பிடிக்கவா?

— அக்கா...

— சொல்லுடி. என் மக உன் தம்பிகூட மீன் பிடிக்கவா போயிருக்கா?

— இத்தாலிக்கு.

— என் தலையில கை வெச்சு சத்தியம் பண்ணினா. கடல் வழியா மட்டும் போக மாட்டேம்மான்னு.

— நர்ஸ் படிப்பு முடிச்சு நாலு வருஷம் அக்கா. ரெண்டு தடவை விசா இல்லேன்னு திருப்பி அனுப்பிட்டான். என்னத்த சொல்ல, தினம் இந்த அடுப்படியில உக்காந்துதான் அழுவா. உங்ககிட்ட சொன்னா வாசப்படியில குறுக்க படுத்துடுவீங்கன்னா.

— படுத்துத்தான் இருப்பேன்! நான் பெத்தவ. படுக்கிறதும் அழறதும், அவ காலைப் பிடிச்சுக்கிறதும் என் பாத்தியதை. அதையே நீ திருடிட்ட.

— அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்னுதான்...

— உன் மகன் ஹம்தி எப்படிப் போனான்?

— அது வேற அக்கா. அவனுக்கு விசா கிடைச்சுது. பிளேன்ல போனான்.

— கிடைக்காம இருந்தா? இதே படகுல ஏத்தி விட்டிருப்பியா?

— மாட்டேன்.

— அப்படி வா. உன் புள்ளைன்னா மாட்ட. இருபத்திரெண்டு வருஷமா நமக்கு ஒரே சுவர், வசீலா. உன் பிரசவத்துக்கு நான் நின்னேன். என் புருஷன் செத்தப்ப நாப்பது நாள் என் அடுப்பை நீ பத்த வெச்ச. எவ எனக்குத் துரோகம் பண்ணினாலும் நீ பண்ண மாட்டேன்னு இருந்தேன். வயிறு எரியுதுடி.

— எரியட்டும் அக்கா. என்னைச் சபிச்சுடுங்க.

— சபிக்கிறது இருக்கட்டும். அந்தச் சதுரம் எதுக்குன்னு சொல்லு. என் மகளை அனுப்பறதுக்கு என்கிட்டயே எதுக்கு வேலை வாங்கின?

— அவதான் கேட்டா. "அம்மா கையால பின்னின ஒண்ணைக் கூடவே எடுத்துட்டுப் போகணும் மாமி, ஆனா அம்மாவுக்குத் தெரியக்கூடாது"ன்னா. அதான் கடைக்குன்னு பொய் சொன்னேன். பையா இணைச்சதும் தோள்ல மாட்டப் பட்டை வெச்சதும்தான் நான். மத்தது பூரா நீங்க.

— உள்ள துணி வெச்சுத் தெச்சியா?

— தைக்கிறேன்னேன். வேண்டாம்னுட்டா. ஓட்டையில விரலை விட்டுப் பார்த்துட்டு, "அம்மா விரலைப் பிடிச்ச மாதிரியே இருக்கு"ன்னு சிரிச்சா.

— அதுல என்ன வெச்சிருக்கா?

— எல்லாமே அதுலதான். போன், சர்டிபிகேட்டு, இன்ஹேலர். வேற மூட்டை எதையும் தம்பி ஏத்த விடல. தோள்ல குறுக்க மாட்டிக்கிட்டு நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சிருந்தா.

— இன்ஹேலருமா? கடல் காத்து பட்டாலே அவளுக்கு மூச்சு இழுக்குமே.

— ரெண்டு வாங்கிப் போட்டிருக்கேன் அக்கா, நானே என் கையால வெச்சேன். கரை தெரிஞ்சதும் போன் பண்ணுவா பாருங்க. ஏன் அப்படிப் பார்க்கறீங்க?

— உன் தம்பிக்குப் போன் போடு. படகைத் திருப்பச் சொல்லு.

— நடுக்கடல்ல போன் போகாது அக்கா.

— போடுடி!

— போகாதுங்கிறேன்ல. எதுக்கு இப்ப இந்தப் பதற்றம்? நான் ரெண்டு கையாலயும் இழுத்துப் பார்த்துட்டுத்தான் குடுத்தேன். என் இணைப்பு ஒண்ணுகூட விடாது.

— உன் இணைப்பு விடாதுடி. வீட்டுக்குப் பின்னினா சதுரத்தோட நடு வளையத்துல மூணு முடிச்சுப் போடுவேன். கடைக்குன்னா யார் பார்க்கப் போறாங்கன்னு முடிச்சுப் போடாம நூல் முனையை ஒட்ட நறுக்கிடுவேன், கனம் ஏறினா நடுவுலேர்ந்து பிரிஞ்சுக்கும். அந்த ஃப்ரெஞ்சுக்காரி பையும் நான் பின்னினதுதான், வசீலா.